அளவு தப்பிய பாவாடை

என்னிடம் ஒரு தகரப் பெட்டியில் ஆறு பாவாடை சட்டைகள் இருக்கின்றன. எல்லாம் அம்மா தைத்தவை. ஆறில் ஒன்றுகூட எனக்கு அளவாக இருந்ததில்லை. பாவாடை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். சட்டை அக்குளில் பிடிக்கும். "பெற்றவளுக்குப் பிள்ளையின் அளவு தெரியவில்லை" என்று அத்தை ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு முப்பது ஆண்டுகள் அம்மாவோடு நான் வழக்காடியிருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாமலே.

எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம். கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி அணையைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாளாகும். அங்கே பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, அரிச்சந்திரா நதி வழியாக எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் மேலே உள்ளவர்கள் விதைத்து முடித்திருப்பார்கள். வராமலே போகும் ஆண்டும் உண்டு. அப்படி இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தபோது எனக்கு ஆறு வயது. நான் மூன்றாவது பெண். தஞ்சாவூரில் இருந்த அத்தைக்குப் பத்து ஆண்டுகளாகப் பிள்ளை இல்லை. மாமாவுக்கு மாதச் சம்பளம். கணக்கு யாருக்கும் புரியும். ஒரு ஜூன் மாதக் காலையில் திருத்துறைப்பூண்டி பஸ் நிலையத்தில் அத்தையோடு என்னை ஏற்றிவிட்டார்கள். "மாதா திருவிழாவுக்கு வந்துவிடுவேன்" என்று அம்மா சன்னலுக்குக் கீழே நின்று சொன்னாள். அப்பா பஸ்ஸின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை யாரும் அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. படிக்க வைத்தார்கள்; நான் ஆசிரியையானது அத்தை வீட்டுச் சோற்றில்தான். இந்த வகைக் காயத்தின் தொல்லையே அதுதான். காட்டுவதற்குத் தழும்பு கிடையாது. வாய் திறந்தால் நன்றி கெட்டவள் என்ற பெயர் வரும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அத்தை, "நாங்கள் எடுத்து வளர்க்கிற பிள்ளை" என்று பெருமையாகச் சொல்வார். அவர் நல்ல மனுஷிதான். ஆனால் அந்த 'எடுத்து' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், எடுத்ததைத் திரும்ப வைத்துவிடவும் முடியும் என்றுதான் எனக்குத் தோன்றும். எனவே இரண்டாவது தோசை கேட்க மாட்டேன். காய்ச்சல் வந்தால் சொல்ல மாட்டேன். கட்டிலுக்கு அடியில் என் துணிப்பை எப்போதும் கட்டித் தயாராக இருக்கும். கல்யாணமான பிறகும் அந்தப் பை இருந்தது. கணவர் அது என்ன என்று கேட்டதற்கு, அவசரத்துக்கு என்று சொல்லிவைத்தேன்.

என்னை அனுப்பிய இரண்டாம் ஆண்டு தம்பி பிறந்தான். அவனை எங்கும் அனுப்பவில்லை.

2013-இல் என் மகளுக்கு ஆறு வயது ஆனது. அந்த ஜூன் மாதத்தில் நான் ஏன் அப்படி ஆனேன் என்று அப்போது எனக்கே புரியவில்லை. அவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டால் கை நடுங்கும். ஒரு நாள் வேன் இருபது நிமிடம் தாமதமாக வந்தது. இறங்கிய பிள்ளையைக் கட்டிக்கொள்வதற்குப் பதிலாக முதுகில் ஓங்கி அடித்துவிட்டேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் கோபமே இல்லாமல் மேய்க்கிறவள் நான். அன்று இரவுதான் எனக்கு ஏதோ கோளாறு இருக்கிறது என்று முதன்முதலாக ஒப்புக்கொண்டேன்.

எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி முதலில் போனது தியானக் கூட்டத்துக்கு. மூன்று நாள். கடைசி நாள் உள்மனக் காயங்களுக்கான குணமளிப்புச் செபம். கண்ணை மூடச் சொன்னார்கள், கருவிலிருந்து ஒவ்வொரு வயதாக நினைக்கச் சொன்னார்கள், "உங்களைக் காயப்படுத்தியவரை இப்போதே, இந்த நொடியே மன்னியுங்கள்" என்றார்கள். நானும் மன்னித்தேன். அழுதேன். எழுந்தபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. அது பொய் இல்லை. மூன்று வாரம் நன்றாகத் தூங்கினேன். நான்காவது வாரம் எல்லாம் திரும்பி வந்தது. கூடவே ஒரு புதுக் குற்ற உணர்ச்சியும். கடவுள் குணமாக்கியதைக்கூடக் காப்பாற்றத் தெரியாதவள் ஆனேனே என்று. அந்தக் கூட்டத்தை நான் குறைசொல்லவில்லை, என் அழுகைக்கு முதல் வாசல் திறந்தது அங்கேதான். ஆனால் இன்று யாராவது தியானத்துக்குப் போகிறேன் என்று என்னிடம் சொன்னால், போய் வாருங்கள், மூன்று வாரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். உண்மையில் துணை தேவைப்படுவது அப்போதுதான்.

அடுத்த ஆண்டுத் தவக்காலத்தில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கமான பட்டியல்: கோபம், பெற்றோரை மனத்துக்குள் வெறுத்தேன், திருமணத்துக்கு முன்பிருந்தே அப்பாவோடு சரியாகப் பேசவில்லை, அவருடைய அடக்கத்தில் அழவில்லை, ஆறு வயதில் என்னை அனுப்பியதை இன்னும் மறக்க முடியவில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு சாமியார் அன்று உட்கார்ந்திருந்தார். கடைசியாகச் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். "இது எத்தனை முறை இந்தப் பட்டியலில் வந்திருக்கிறது?" என்று கேட்டார். சின்ன வயதில் புதுநன்மை வாங்கியதிலிருந்து, சாமி, என்றேன். "இதற்கு என்னால் பாவமன்னிப்புத் தர முடியாது, அம்மா" என்றார். எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. அவர் தொடர்ந்தார்: "இது நீ செய்தது இல்லையே. உனக்கு நடந்தது. நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால் நிஜமாகச் செய்ததைப் பார்க்க உனக்கு எப்போது நேரம் வரும்?"

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் 'எனக்கு நடந்தது', வலப்பக்கம் 'நான் செய்தது'. விசுவாசிகளுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே கைவேலை இதுதான் என்றால் இதைத்தான் சொல்வேன். ஒரே உட்காரலில் எழுத முயலாதீர்கள். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இடப்பக்கம் நிரம்பிக்கொண்டே போனது. வலப்பக்கத்தில் பல நாள் எதுவும் இல்லை. பிறகு ஒரு நாள், எவ்வளவோ காலம் மூடி வைத்திருந்த ஒன்று அங்கே வந்து உட்கார்ந்தது.

அது இது. ஆண்டுக்கு ஒரு முறை நாங்கள் சந்திப்பது வேளாங்கண்ணியில். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்த நாள். முந்தின நாள் மாலைப் பெரிய தேருக்கு அம்மா ஊரிலிருந்து நடந்தே வந்துவிடுவாள். நாங்கள் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வருவோம். மாதா குளத்துக்குப் போகிற மணல் பாதையில் அம்மா முழங்காலில் நகர்ந்து போவாள், நான் பக்கத்தில் நடப்பேன். வேண்டுதல் என்னவென்று கேட்டதில்லை. முடிந்ததும் மடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பாவாடை சட்டையை எடுப்பாள். ஆறு ஆண்டு வாங்கிக்கொண்டேன். ஏழாவது ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது, காகிதத்தைப் பிரித்தும் பார்க்காமல், "இது எனக்குச் சேராது, இனிமேல் தைக்காதே" என்று கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். சுற்றிலும் அவ்வளவு கூட்டம். அம்மா அதை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

இதை நான் ஒரு தடவைகூடப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. நினைவிலேயே இல்லை. சொல்லவே வேண்டியிராத ஒன்றைத்தான் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

2015 ஜனவரியில், பொங்கல் முடிந்த ஞாயிறு, பூசையில் முதல் வாசகம் சாமுவேலின் அழைப்பு. இரவில் 'சாமுவேல்' என்று குரல் கேட்கிறது. சிறுவன் கோயில் குரு ஏலியிடம் ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார். மூன்று முறை ஓடுகிறான். மறையுரையில் சாமுவேலின் தாய் அன்னாவின் தியாகத்தைப் பற்றி அழகாகப் பேசினார்கள்: தவமிருந்து பெற்ற பிள்ளையைப் பால்குடி மறந்ததும் சீலோவில் கொண்டுபோய் ஆண்டவருக்குக் கொடுத்த தாய். எனக்கு அந்தப் பையனை விட்டு மனம் நகரவில்லை. அவனை யாரும் கேட்கவில்லையே. ராத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் கேட்டால் அவன் முதலில் யாருடைய குரல் என்று நினைத்திருப்பான்? வீட்டுக்கு வந்து முன் பக்கங்களைப் புரட்டினேன். 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரம், 19-ஆம் வசனம். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கடந்துபோன இடம். அவன் தாய் ஒரு சின்ன மேலாடை செய்து, ஆண்டுதோறும் பலி செலுத்தக் கணவனோடு வரும்போது அவனுக்குக் கொண்டுவருவாள் என்று இருக்கிறது. இரண்டு வசனம் தள்ளி, அவளுக்கு மேலும் மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தார்கள் என்று இருக்கிறது.

வேதத்தில் என்னைக் கண்டுபிடித்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் என் பாவாடையைக் கண்டுபிடித்தேன். அது அளவாக இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் தஞ்சாவூரில் ஆற்றுப்படுத்துநராக இருந்த ஒரு சிஸ்டரிடம் போக ஆரம்பித்தேன். ஆற்றுப்படுத்துதல் நல்ல சொல். வழி காட்டுவதும் அதில் இருக்கிறது, ஆற வைப்பதும் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. முதல் ஐந்தாறு முறை அவர் செபம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. எப்படித் தூங்குகிறேன், எப்படிச் சாப்பிடுகிறேன் என்றுதான் கேட்டார். பிறகு வேதத்திலுள்ள திருப்பாடல்களைக் கொடுத்தார், ஆனால் நமக்குப் பழக்கமான 'ஆண்டவரே என் ஆயர்' பாட்டை இல்லை. நூற்றைம்பது திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். கோயிலில் நாம் அவற்றைப் பாடுவது குறைவு. 13-ஆவது, 'எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர்' என்று நேராகவே கடவுளைக் கேட்கிறது. 88-ஆவது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு நன்றி வரிகூட இல்லை. அது வேதத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது சத்தமாகச் சொல்வேன். மனத்துக்குள் சொன்னால் வேலை செய்யாது. காதில் விழ வேண்டும்.

ஒரு நாள் சிஸ்டர், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் சொல்லிக்கொடுத்த முறையில் செபிப்போம் என்றார். நற்செய்தியின் ஒரு காட்சிக்குள் போய் அங்கே உள்ள வெயில், மணம், சத்தம் எல்லாவற்றோடும் நிற்பது. நாங்கள் நற்செய்திக்குப் பதிலாகத் திருத்துறைப்பூண்டி பஸ் நிலையத்துக்குப் போனோம். டீசல் வாசனை, வெள்ளரிப்பிஞ்சு விற்கிற கூடை, சன்னல் கம்பியின் சூடு. "இயேசு எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார். காணவில்லை என்றேன். அடுத்த முறையும் காணவில்லை. மூன்றாவதோ நான்காவதோ முறை, பஸ்ஸுக்குள் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உட்கார்ந்திருக்கிறாரே தவிர பஸ்ஸை நிறுத்தவில்லையே! சிஸ்டரிடம் சொன்னதற்கு, "என்னிடம் ஏன் சொல்கிறீர்கள், அவரிடமே சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அரை மணி நேரம் வாய்விட்டுத் திட்டினேன். அவர் இறங்கிப் போகவில்லை. தஞ்சாவூர் வரை வந்தார். என் குணமாதல் என்று நான் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது அவ்வளவுதான். நடந்தது நடக்காமல் போகவில்லை. பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இல்லை.

இதைப் படித்துவிட்டு நீங்களாகத் தனியே உட்கார்ந்து இதைச் செய்து பார்க்க வேண்டாம். குறிப்பாக அடி உதையோ பாலியல் துன்பமோ பட்டவர்கள் பயிற்சி பெற்ற ஒருவர் துணையில்லாமல் பழைய காட்சிக்குள் போகவே கூடாது. மூச்சு வாங்கினால் கண்ணைத் திறந்து, தரையில் பாதத்தை அழுத்தி, கண்ணில் படுகிற ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சிஸ்டர் எனக்குப் பழக்கியிருந்தார். நடுவில் ஆறு மாதம் மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையும் சாப்பிட்டேன். அனுப்பியது சிஸ்டர்தான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் உன் விசுவாசம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை, இதற்கு மட்டும் கேட்கிறார்கள். இப்போது 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மனஸ்) எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். எனக்கு அன்று அது இல்லை. இன்றைக்கு ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் செபக்கூட்டத்துக்கு அழைத்துப் போவதற்கு முன் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பாலியல் குற்றமென்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் சொல்வது கடமை. 'மன்னித்துவிடு, குடும்ப மானம்' என்று வாயை மூட வைப்பதற்கு நற்செய்தியைத் துணைக்கு இழுப்பது எனக்குத் தெரிந்து பெரிய தேவதூஷணம்.

மன்னிப்பைப் பற்றி ஒன்று. அண்ணன்மாரால் விற்கப்பட்ட யோசேப்பு, எகிப்தில் பிறந்த மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைக்கிறார்: தந்தை வீட்டையெல்லாம் கடவுள் மறக்கச் செய்தார் என்று பொருள். பஞ்சத்தில் அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நின்றபோது ஒதுங்கிப் போய் அழுகிறார். மறந்தவர் எதற்கு அழ வேண்டும்? உடனே ஓடிக் கட்டிக்கொள்ளவும் இல்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தான் யாரென்று சொல்கிறார். அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. எனக்கும் இருந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகு மன்னிப்பது சுலபமானது. அம்மாவை மன்னிப்பது, என்று சொல்ல வேண்டும். அப்பா 2009-இல் இறந்துவிட்டார். கல்லறைத் திருநாளுக்கு நவம்பர் 2 போய்ப் புல் பிடுங்கி மெழுகுவத்தி ஏற்றுகிறேன். சில ஆண்டு செபம் வருகிறது. சில ஆண்டு பஸ் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம்தான் வருகிறது. அப்போது மெழுகுவத்தியை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்புவேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. ஊரில் எங்கள் வீட்டு ஓடு மொத்தமும் போயிற்று, கொல்லைத் தென்னைகள் விழுந்துவிட்டன. தம்பி தன் பிள்ளைகளோடு மாமியார் வீட்டுக்குப் போனான். அம்மாவை நான் போய் அழைத்து வந்தேன். பாபநாசத்தில் என் வீட்டு வாசலில் ஒரு துணிப்பையோடு இறங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். முதல் வாரம் முழுவதும் இரண்டாவது தோசை வேண்டாம் என்றாள்.

நான்கு மாதம் இருந்தாள். ஏன் என்னை அனுப்பினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்று இல்லை. 'ஏன்' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் வழக்காடத்தான் செய்வார் என்று சிஸ்டரிடம் கற்றிருந்தேன். பதில் சொல்ல முடிந்த சின்னக் கேள்வியாக ஒன்று கேட்கச் சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "அம்மா, அந்தப் பாவாடைக்கெல்லாம் எப்படி அளவெடுத்தாய்?"

அம்மா முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "எதிர்வீட்டில் உன் வயதுப் பிள்ளை ஒன்று இருந்தாளே. அவளை நிற்க வைத்துத்தான். உன்னைவிட ஒரு மாதம் மூத்தவள். நீ அத்தை வீட்டில் நன்றாகச் சாப்பிடுவாய், வளர்ந்திருப்பாய் என்று ஒரு விரல்கடை கூட்டியே வெட்டச் சொல்வேன். அப்படியும் போதவில்லையே!"

அந்த ஊரில் அந்த ஆண்டுகளில் பிள்ளைகள் எப்படி வளர்ந்திருப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. நான் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அவளுக்கே கொடுத்துவிட்டேன். அவளுக்குச் சரியாக இருந்தது" என்றாள். அன்று கூட்டத்தில் அப்படிச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு என்றேன். எந்தக் கூட்டத்தில் என்று கேட்டாள். நிஜமாகவே மறந்திருந்தாளா, மறந்த மாதிரி இருந்தாளா, எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். "இங்கே வந்து நேராக நில்." மகளின் பள்ளிப் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து வைத்திருந்தாள். எனக்கு நாற்பது வயது, அம்மா என் தோளுக்குத்தான் வருவாள். கையை உயர்த்தச் சொன்னாள், திரும்பச் சொன்னாள், எண்ணை வாய்விட்டுச் சொல்லி என் மகளை எழுத வைத்தாள். என் மெஷினிலேயே உட்கார்ந்து இரண்டு நாளில் ஒரு ரவிக்கை தைத்து முடித்தாள்.

கை கொஞ்சம் இறுக்கம்தான்.